மாணாக்கர் மேடையிலே இரு தேசங்கள்

ஆங்கில பாஷையைப் பாடமாகப் படிக்கும் கலாசாலைகளில், அவை எந்தத் தேசத்தில் இருந்தாலும் சரி, ஒரு வழக்கத்தைக் காணலாம். "பிரிட்டனைப் பற்றியாவது அமெரிக்காவைப் பற்றியாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசுக" என்று ஆசிரியர் கட்டளையிடுகிறார். மாணாக்கர் முறை வைத்து எழுந்து நிற்கிறார்கள். பிரிட்டனை எடுத்துக்கொண்டவர் மழை, குடை, அரண்மனைக் காவலரின் உயரமான ரோமத் தொப்பி, மாலை நேரத் தேநீர் ஆகியவற்றைச் சொல்லி முடிக்கிறார். அமெரிக்காவை எடுத்துக்கொண்டவர் வானளாவிய கட்டடங்கள், சுதந்திர தேவியின் சிலை, ஹாலிவுட் நட்சத்திரங்கள் என்று வரிசையாக அடுக்குகிறார். சபையோர் கை தட்டுகிறார்கள். ஆசிரியர் மதிப்பெண் போடுகிறார். இரண்டு தேசங்களும் பத்துப் பத்து நிமிஷத்தில் தீர்ந்து விடுகின்றன!

இதைச் சொல்லி இளம் பிள்ளைகளைப் பரிகாசம் செய்வது நமது நோக்கமன்று. அந்நிய பாஷையில் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசுவதே பெரிய காரியம். முழங்கால் நடுங்காமல் அதைச் செய்து முடித்த பெண்ணையும் பிள்ளையையும் முதுகில் தட்டிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு விஷயம். பாம்பாட்டி, யானை, கயிற்று வித்தை, சாமியார் என்று நாலு படங்களைக் காட்டி, "இதுதான் இந்தியா!" என்று பிற தேசத்தார் பேசிய காலம் உண்டு. அதைக் கேட்டு நமக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது! அதே காரியத்தை நமது குழந்தைகள் பிறரைக் குறித்துச் செய்யலாமா?

அப்படியானால் வேறு எப்படிப் பேசுவது? இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மாணாக்கர்கள் எழுந்து நின்று எப்படிப் பேசப் பழகுகிறார்கள் என்று பார்த்தால் போதும். அவர்கள் பேசும் விஷயத்தைக் காட்டிலும் பேசும் முறையே அவர்களுடைய தேசத்தை நமக்கு நன்றாக எடுத்துக் காட்டுகிறது.

எதிரெதிர் பெஞ்சுகள்

முதலில் பிரிட்டனுக்குப் போவோம். லண்டனில் உள்ள பார்லிமெண்டின் காமன்ஸ் சபையைப் படத்திலாவது பார்த்திராதவர்கள் இருக்க மாட்டார்கள். அங்கத்தினர்கள் இரண்டு வரிசைகளாக, எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள். இதற்குக் காரணம் அரசியல் தத்துவம் அல்ல. ஒரு பழைய கட்டடந்தான்! பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1834-ஆம் வருஷத்துத் தீ விபத்து வரையில், ஏறக்குறைய 300 வருஷ காலம், அந்தச் சபை ஸெயிண்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் கூடி வந்தது. தேவாலயத்தில் பாடகர்கள் உட்காரும் ஆசனங்கள் எதிரெதிராக இருந்தன. அங்கத்தினர்களும் அப்படியே உட்கார்ந்தார்கள். அந்தப் பழக்கமே சட்டமாயிற்று. 1941-இல் ஜெர்மன் குண்டு விழுந்து சபா மண்டபம் அழிந்தபோது, அதைப் புது விதமாகக் கட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். சர்ச்சில் துரை ஒரேயடியாக மறுத்தார். பழைய நீள் சதுரம், பழைய எதிரெதிர் பெஞ்சுகள். எல்லா அங்கத்தினர்களுக்கும் இடம் போதாத அதே நெருக்கடிங்கூட வேண்டும் என்றார். 1950-இல் புது மண்டபம் பழைய மாதிரியிலேயே திறக்கப்பட்டது.

இந்தப் பெஞ்சுகள் பார்லிமெண்டோடு நின்று விடவில்லை. 1815-இல் கேம்பிரிட்ஜிலும் 1823-இல் ஆக்ஸ்போர்டிலும் தோன்றிய மாணாக்கர் விவாத சபைகள் பார்லிமெண்டு முறையையே பின்பற்றின. ஒரு தீர்மானம் கொண்டு வரப்படும். ஒருவர் ஆதரித்துப் பேசுவார். மற்றொருவர் எதிர்த்துப் பேசுவார். முடிவில் வோட்டு எடுக்கப்படும். தமக்குச் சம்மதமில்லாத கட்சியை எடுத்துக்கொண்டும் ஒரு மாணாக்கர் வாதாட வேண்டியிருக்கும். எதிர்க் கட்சியின் நியாயத்தை அதன் வாயால் பேசிப் பார்த்தவனுக்குத் தன் கட்சியின் பலவீனம் நன்றாகத் தெரிந்து விடுகிறது. இது அந்த முறையின் பெரிய நன்மை. கேடும் இல்லாமற் போகவில்லை. எந்தப் பக்கமும் பேசலாம் என்று பழகிய நாக்கு, எந்தப் பக்கத்தையும் நம்பாத நாக்காகவும் ஆகி விடலாம். உண்மையைக் காட்டிலும் சாதுரியத்துக்கே கைதட்டல் அதிகமாகக் கிடைக்கும் இடம் அது.

ஆயினும் அந்த மாணாக்கர்களின் பேச்சு வெறும் விளையாட்டு அன்று. 1933-ஆம் வருஷம் பிப்ரவரி 9-ஆந் தேதி ஆக்ஸ்போர்டு சபையில், 'அரசருக்காகவும் தேசத்துக்காகவும் எந்தச் சந்தர்ப்பத்திலும் இந்தச் சபை போர் புரியாது' என்ற கருத்துள்ள தீர்மானம் 275 வோட்டுக்கு 153 வோட்டாக நிறைவேறியது. இங்கிலாந்து முழுவதும் கொந்தளித்தது. சர்ச்சில் கடுமையாகக் கண்டித்தார். அந்தத் தீர்மானத்தைச் சபையின் குறிப்புப் புத்தகத்திலிருந்து நீக்கி விட வேண்டும் என்று பழைய மாணாக்கர் சிலர் திரண்டு வந்தார்கள். சபையார் பெருவாரியான வோட்டினால் அதை நிராகரித்தார்கள். ஆறு வருஷங் கழித்து உலக யுத்தம் வந்தபோது அதே தலைமுறை வாலிபர்கள் போர்முனைக்குப் போனார்கள் என்பதும் சரித்திரம். பேச்சில் எதையும் கேள்வி கேட்கலாம் என்ற உரிமையும், வேளை வந்தால் கடமையைச் செய்வது என்ற பழக்கமும் அந்தத் தேசத்தில் அக்கம் பக்கமாகக் குடியிருக்கின்றன. தொப்பியையும் குடையையும் ஆயிரம் தடவை படத்தில் காட்டினாலும் இந்த விஷயம் விளங்காது.

நம்மவர்களும் அந்த மேடையில் ஏறியிருக்கிறார்கள். 1934-இல் டி. எப். கராகா என்ற பார்ஸி வாலிபர் ஆக்ஸ்போர்டு சபையின் தலைவரானார். அந்தப் பதவியை வகித்த முதல் இந்தியர் அவரே. 1938-இல் கேம்பிரிட்ஜ் சபையின் தலைவராக இருந்தவர் நமது மோகன் குமாரமங்கலம். அடிமை நாட்டுப் பிள்ளைகள் ஆளும் நாட்டாரின் மேடையில் தலைமை வகித்தார்கள் என்று எண்ணும்போது நமக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அதே ஆக்ஸ்போர்டு சபையில் 1963-ஆம் வருஷம் வரையில் பெண்கள் அங்கத்தினராக முடியாது என்பதையும் மறக்கலாகாது. அந்நிய தேசத்து வாலிபர் தலைவராகலாம். அவ்வூர்க் கலாசாலையிலேயே படிக்கும் ஆங்கிலப் பெண் அங்கத்தினராகவும் முடியாது! இப்படிப்பட்ட முரண்பாட்டை எடுத்துச் சொல்லும் மாணாக்கரே பிரிட்டனைப் பற்றி உண்மையாகப் பேசியவர் ஆவார்.

கையில் ஒரு பொருள்

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே எதிரெதிர் பெஞ்சுகள் இல்லை. வாஷிங்டனில் உள்ள பிரதிநிதி சபையில் ஆசனங்கள் அரைவட்டமாக அமைந்திருக்கின்றன. பேசுகிறவர் எதிர்க் கட்சியின் முகத்துக்கு நேராக நின்று பேசுவதில்லை. முன்னால் வந்து சபை முழுவதையும் நோக்கிப் பேசுகிறார். அந்தத் தேசத்துக் குழந்தைகள் பேசப் பழகுவதும் ஏறக்குறைய இந்த ரீதியில்தான்.

அங்கே பாலர் வகுப்புகளில் 'காட்டிச் சொல்லுதல்' என்று ஒரு பழக்கம் உண்டு. குழந்தை வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பொருளைக் கொண்டு வர வேண்டும். அது மரப் பொம்மையாக இருக்கலாம். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியாக இருக்கலாம். தாத்தாவின் பழைய கடிகாரமாகவும் இருக்கலாம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது எனக்கு எப்படிக் கிடைத்தது, எனக்கு ஏன் பிடிக்கும்" என்று இரண்டு மூன்று நிமிஷம் சொல்ல வேண்டும். மற்றக் குழந்தைகள் கேள்வி கேட்பார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் அனுபவமும் நாலு பேர் கேட்கத் தகுந்ததே என்ற எண்ணம் இதற்கு அடிப்படை. இதனால் அமெரிக்கர் எங்கே போனாலும் கூச்சமின்றிப் பேசுகிறார்கள். சில சமயம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோதுங் கூடப் பேசுகிறார்கள் என்று அவர்களுடைய நண்பர்களே குறை சொல்வதுண்டு!

இந்தப் பேச்சு மோகம் அங்கே இன்று நேற்று உண்டானதன்று. 1826-இல் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் ஜோஸையா ஹோல்புரூக் என்பவர் 'லைஸீயம்' என்ற பெயருடன் ஒரு சபையை ஏற்படுத்தினார். ஊரார் கூடி, ஊரிலேயே விஷயம் தெரிந்த ஒருவரைப் பேசச் சொல்லிக் கேட்பது அதன் வேலை. சில வருஷங்களுக்குள் இத்தகைய சபைகள் ஊருக்கு ஊர் தோன்றின. கான்கார்டு என்னும் சிற்றூரின் லைஸீயத்தில் 1848 ஜனவரியில் ஹென்றி தோரோ பேசினார். அநீதியான சர்க்காருக்கு வரி கொடுக்க மறுக்கும் உரிமையைப் பற்றிய பேச்சு அது. மறு வருஷம் அது அச்சாயிற்று. 1907-இல் தென்னாப்பிரிக்காவில் மகாத்மா காந்தி அதைத் தமது 'இந்தியன் ஒபீனியன்' பத்திரிகையில் எடுத்து வெளியிட்டார். ஒரு சிற்றூர்க் கூட்டத்தில் அண்டை வீட்டார் கேட்ட பேச்சு, அறுபது வருஷத்துக்குள் நமது சத்தியாக்கிரகப் போருக்குத் துணையாக வந்து சேர்ந்தது!

இன்னொரு அமெரிக்க மேடையையும் சொல்ல வேண்டும். 'ஸ்பெல்லிங் பீ' என்னும் எழுத்துக் கூட்டும் போட்டி அது. 1783-இல் நோவா வெப்ஸ்டர் எழுத்துக் கூட்டும் பாட புத்தகம் ஒன்றை வெளியிட்டார். இங்கிலாந்திடமிருந்து நாடு விடுதலை பெற்றால் போதாது, பாஷையும் விடுதலை பெற வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 'கலர்' என்ற சொல்லிலிருந்து 'யு' என்ற எழுத்தை விரட்டியடித்தார். 1828-இல் சுமார் 70,000 சொற்கள் கொண்ட அகராதியைப் பூர்த்தி செய்தார். பல தேசங்களிலிருந்து வந்து குடியேறிய ஜனங்களுக்கு, சரியாக எழுத்துக் கூட்டத் தெரிவதே 'நானும் அமெரிக்கன்' என்பதற்கு அடையாளச் சீட்டாகி விட்டது. 1925-இல் தேசியப் போட்டி ஆரம்பமாயிற்று. அந்த வருஷம் இறுதிச் சுற்றில் நின்றவர்கள் 9 பேர்.

சொல்லுக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லாத பாஷையில்தான் இப்படி ஒரு போட்டி நடத்த முடியும் என்று நேயர்கள் நினைக்கலாம். ல, ள, ழ என்ற மூன்று எழுத்துக்களும் நமது வீடுகளில் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால், நாமும் ரொம்பவும் சிரிப்பதற்கில்லை! அது நிற்க. 1985-இல் அந்தப் போட்டியில் வெற்றி பெற்ற பாலு நடராஜன் என்ற சிறுவர்தான் முதல் இந்திய வம்சாவளி வெற்றியாளர். 2019-இல் 8 பேர் சரிசமமாக வெற்றி பெற்றார்கள். அவர்களில் 7 பேர் இந்திய வம்சத்தவர். வெப்ஸ்டர் புதுக் குடிகளுக்கென்று திறந்து வைத்த கதவின் வழியாக நமது குழந்தைகளும் உள்ளே நுழைந்து விட்டார்கள்.

ஓர் இரவு விவாதம்

இனி, பிரிட்டிஷ் மேடையில் அமெரிக்காவே விசாரணைக்கு வந்த ஓர் இரவைப் பற்றிச் சொல்வோம். 1965-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ஆந் தேதி. இடம், கேம்பிரிட்ஜ் மாணாக்கர் விவாத சபை. அமெரிக்கர் பெருமையோடு பேசும் 'அமெரிக்கக் கனவு', அக்காலத்துச் சொல்லில் 'அமெரிக்க நீக்ரோ'வின் செலவில் நடக்கிறது என்பது தீர்மானம். வழக்கம் போல மாணாக்கர்கள் இரு பக்கமும் முதலில் பேசினார்கள். பிறகு தீர்மானத்தை ஆதரித்து எழுந்தவர் ஜேம்ஸ் பால்ட்வின். 1924-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கறுப்பு எழுத்தாளர். எந்தச் சர்வகலாசாலையிலும் படித்தவர் அல்லர். எதிர்த்துப் பேசியவர் வில்லியம் பக்லி, யேல் சர்வகலாசாலையில் தேறியவர், பத்திரிகாசிரியர், விவாதத்தில் புலி.

பால்ட்வின் புள்ளி விவரங்களை அடுக்கவில்லை. ஒரு குழந்தையின் கதையைச் சொன்னார். சினிமாப் படத்தில் வெள்ளை வீரர் செவ்விந்தியரைச் சுட்டு வீழ்த்தும்போது கறுப்புக் குழந்தையும் வீரரின் கட்சியில் நின்று கை தட்டுகிறது. ஒரு நாள் அந்தக் குழந்தைக்குத் தெரிய வருகிறது, சுட்டு வீழ்த்தப்படுகிறவன் தானே என்று! பிறகு, அந்தத் தேசத்தின் துறைமுகங்களையும் ரயில் பாதைகளையும் சவுக்கடியின் கீழ்க் கூலியில்லாமல் உழைத்து உண்டாக்கியது யார் என்று கேட்டார். முன்னோர்கள் பட்ட பாட்டை எல்லாம் 'நான் செய்தேன்' என்று தன்மையிலே வைத்துச் சொன்னார். பேசி முடித்ததும் சபையார் எழுந்து நின்று கரகோஷம் செய்தார்கள். பக்லி சாமர்த்தியமாகவே பதில் சொன்னார். ஆனால் வோட்டு எடுத்தபோது பால்ட்வின் கட்சிக்கு 544. எதிர்க் கட்சிக்கு 164.

அந்த இரவின் வெற்றிக்குக் காரணம் என்னவென்று ஆலோசித்துப் பாருங்கள். மேடை பிரிட்டிஷ் மேடை. விதிகளும் பிரிட்டிஷ் விதிகள். பேச்சு முறையோ, தன் கையில் உள்ள பொருளைக் காட்டித் தன் கதையைச் சொல்லும் அமெரிக்க முறை. எதிர்க் கட்சியைக் கேட்டே தீர வேண்டும் என்ற கட்டுப்பாடும், சொந்த அனுபவத்தைத் துணிந்து சொல்லும் ஆண்மையும் ஒன்று சேர்ந்தன. அடுத்த மாதம் அலபாமாவில் ஸெல்மா நகரத்து ஊர்வலத்தைப் போலீஸார் அடித்துக் கலைத்தார்கள். ஆகஸ்டு மாதத்தில் கறுப்பர்களின் வோட்டுரிமையைக் காப்பாற்றும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது.

ஆயினும் அந்தக் கேம்பிரிட்ஜ் மாணாக்கர்கள் அன்றிரவு கேட்காத கேள்வியும் ஒன்று உண்டு. கடல் கடந்த தேசத்தின் நிறத் துவேஷத்தைக் கண்டித்து வோட்டுப் போட்ட அவர்களுடைய சொந்த நாட்டின் நிலைமை என்ன? அதற்கு முந்தைய வருஷம்தான் ஸ்மெத்விக் என்ற தொழில் நகரத்தில், குடியேறிய ஜனங்கள் மீது துவேஷத்தைக் கிளப்பிப் பார்லிமெண்டுத் தேர்தலில் வெற்றி பெற்றிருந்தார்கள். பொது இடங்களில் நிறத்தைக் காட்டி ஒருவரை விலக்குவது குற்றம் என்று சொல்லும் முதல் சட்டமே பிரிட்டனில் 1965-ஆம் வருஷக் கடைசியில்தான் வந்தது. சாம்ராஜ்யத்தின் கணக்கை அதே விதமான மேடையில் விசாரிக்க இன்னும் ஐம்பது வருஷம் ஆயிற்று. 2015-இல் ஆக்ஸ்போர்டு சபையில், முன்னாள் குடியேற்ற நாடுகளுக்குப் பிரிட்டன் ஈடு செய்யக் கடமைப்பட்டுள்ளது என்ற தீர்மானத்தை ஆதரித்துச் சசி தரூர் பேசினார். தீர்மானம் நிறைவேறியது. பிறர் வீட்டு அழுக்கு எளிதில் கண்ணில் படும். தன் வீட்டு அழுக்கைக் காட்ட வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருக்கிறது.

ஒரு கோப்பைத் தேநீர்

இப்போது நமது மாணாக்கருக்கே வருவோம். மேலே சொன்ன இரு முறைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் பத்து நிமிஷப் பேச்சு எப்படி இருக்கும்? அதே தேநீரை எடுத்துக்கொள்வோம். 'ஆங்கிலேயர் மாலையில் தேநீர் அருந்துவர்; அமெரிக்கர் அதில் பனிக்கட்டி போட்டு அருந்துவர்' என்பதோடு நிறுத்தாமல், அந்தக் கோப்பையைக் கையில் எடுத்து, இது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

1773 டிசம்பர் 16-ஆந் தேதி பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகளை அமெரிக்கர் கடலில் கொட்டினார்கள். இதைச் சொல்லாத மாணாக்கர் இல்லை. அந்தத் தேயிலை யாருடையது? சாக்ஷாத் நமது பழைய எஜமானனாகிய கிழக்கிந்தியக் கம்பெனியுடையது! விளைந்த இடம் சீனா. கம்பெனி அப்போது பணத் தட்டுப்பாட்டில் தத்தளித்தது. வங்காளத்தை 1770-ஐ ஒட்டி வாட்டிய கொடிய பஞ்சம் அதற்கு ஒரு காரணம். கம்பெனியைக் கைதூக்கி விடுவதற்காக, தேயிலையை நேரே அமெரிக்காவுக்கு அனுப்பி மலிவாக விற்கப் பார்லிமெண்டு சட்டம் செய்தது. ஆனால் ராத்தலுக்கு 3 பென்ஸ் வரியை மட்டும் விடவில்லை. விலை குறைந்தும் அமெரிக்கர் வாங்க மறுத்தார்கள். 'எங்களுடைய பிரதிநிதி இல்லாத சபை எங்களுக்கு வரி போடலாகாது' என்பதே அவர்கள் வாதம். ஆகவே, வங்காளத்துப் பட்டினிக்கும் பாஸ்டன் துறைமுகத்துக்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது.

அடுத்தபடி, ஆங்கிலேயரின் கோப்பை. சீனத் தேயிலைக்கு விலை கொடுக்கப் பிஹாரிலும் வங்காளத்திலும் விளைந்த அபினி சீனாவுக்குப் போயிற்று. அது 1839-இல் யுத்தமாக வெடித்தது. அதே வருஷத்தில் அஸ்ஸாம் தேயிலை லண்டனில் முதன் முதலாக ஏலத்துக்கு வந்தது. 1867-இல் இலங்கையில் கண்டிச் சீமையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தேயிலைத் தோட்டம் போட்டார். காப்பிச் செடிகளை நோய் அழித்த பிறகு மலைச் சரிவெல்லாம் தேயிலை ஆயிற்று. அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் யார்? தமிழ் ஜில்லாக்களிலிருந்து கடல் தாண்டிப் போன நம் சகோதர சகோதரிகள். உலக யுத்த காலத்தில், 1940 முதல் 1952 வரையில், பிரிட்டனில் தேயிலைக்கு அளவுச் சீட்டு இருந்தது. ஆரம்பத்தில் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ். அந்த 2 அவுன்ஸுக்காக ஆங்கிலக் குடும்பங்கள் பட்ட கவலையைச் சொல்லலாம், சொல்ல வேண்டியதுதான். அதே காலத்துக்குள், 1948-இல், இலங்கையில் இயற்றப்பட்ட பிரஜா உரிமைச் சட்டத்தினால் மலைநாட்டுத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாக ஆனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? 'பிரிட்டிஷ் தேநீர்' என்று தலைப்புக் கொடுத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண் பேசும்போது அந்தக் கோப்பையில் தன் இனத்தாரின் உழைப்பு இருப்பதை விட்டு விட்டால், அவள் பிரிட்டனையும் அறியவில்லை, தன்னையும் அறியவில்லை.

பண்டிகையும் மறதியும்

பண்டிகைகளைப் பற்றிப் பேசுவது மாணாக்கருக்கு மிகவும் பிரியம். அமெரிக்காவின் 'நன்றி நாள்' என்றால், 1621-இல் பிளிமத் என்ற இடத்தில் குடியேறிய ஆங்கிலேயரும், வாம்பனோவாக் என்ற பூர்வ குடிகள் ஏறக்குறைய 90 பேரும் கூடி விருந்து உண்டது என்பதோடு கதை முடிந்து விடும். ஆனால் அது தேசியப் பண்டிகை ஆனதற்கு ஒரு பத்திரிகாசிரியையின் விடாமுயற்சி காரணம் என்பது பலருக்குத் தெரியாது. ஸாரா ஹேல் என்ற அம்மையார், நம் குழந்தைகள் பாடும் ஆட்டுக்குட்டிப் பாட்டை இயற்றிய அதே அம்மையார், பல வருஷம் இதற்காக எழுதி வந்தார். 1863-இல், உள்நாட்டு யுத்தத்தின் நடுவே, லிங்கன் அதைப் பிரகடனம் செய்தார். பிளவுபட்ட வீட்டை ஒன்று சேர்க்க ஒரு விருந்து வேண்டியிருந்தது. 1941-இல் நவம்பர் நாலாவது வியாழக்கிழமை என்று சட்டம் ஏற்பட்டது.

விருந்துக்கு வந்த பூர்வ குடிகள் பிறகு என்ன ஆனார்கள்? 1675-76-ஆம் வருஷத்து யுத்தத்தில் அவர்களுடைய குலம் நாசமாயிற்று. எஞ்சியவர்களின் சந்ததியாரும் மற்றப் பூர்வ குடிகளும் 1970-லிருந்து அதே வியாழக்கிழமையில் அதே பிளிமத்தில் கூடித் துக்க நாள் அனுஷ்டிக்கிறார்கள். ஒரே நாளில் ஒரு வீட்டில் விருந்து; மற்றொரு வீட்டில் துக்கம். இரண்டையும் சொல்கிறவருக்கே அமெரிக்கா முழுவதும் அகப்படும்.

பிரிட்டனிலோ நவம்பர் 5-ஆந் தேதி வாணவேடிக்கை. நமது தீபாவளி போல என்று மாணாக்கர் சொல்வார்கள். 1605-இல் 36 பீப்பாய் வெடிமருந்தைப் பார்லிமெண்டின் அடியில் வைத்த கத்தோலிக்கச் சதிகாரர் பிடிபட்ட நாள் அது. ஒவ்வொரு வருஷமும் மாதா கோவிலில் நன்றிப் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அந்தச் சட்டம் 1859-இல் ரத்தாயிற்று. மதத் துவேஷத்தில் பிறந்த பண்டிகையில் இன்று துவேஷம் பெரும்பாலும் மறைந்து மத்தாப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அமெரிக்கர் மறந்ததைச் சிலர் நினைவூட்டுகிறார்கள். ஆங்கிலேயர் மறந்தது நல்லதாயிற்று. எல்லா மறதியும் ஒரே ஜாதி அல்ல.

வீட்டிலே ஒரு பயிற்சி

இவற்றிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? பிற தேசத்தைப் பற்றிப் பேசும் பிள்ளை மூன்று காரியங்களைச் செய்தால் போதும். பத்து விஷயங்களைத் தொடாமல் ஒரே ஒரு பொருளைக் கையில் எடுக்க வேண்டும். இது அமெரிக்கக் குழந்தை வகுப்பின் பாடம். அந்தப் பொருளைப் பற்றி எதிர்க் கட்சிக்காரர் என்ன சொல்வார் என்று கேட்க வேண்டும். இது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பெஞ்சுகளின் பாடம். மூன்றாவது, இந்தக் கதையில் பேசாமல் நிற்பவர் யார் என்று தேட வேண்டும். இது அந்த இரு தேசத்தாரின் புத்தகங்களிலிருந்து எளிதில் கிடைக்காத பாடம். மேடைக்குக் கீழே நெடுங்காலம் நின்ற நமக்கு அது எளிதில் விளங்க வேண்டும்.

இதைக் கலாசாலைக்கே விட்டு விடாமல் வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளையோ பெண்ணோ எழுந்து நின்று பத்து நிமிஷம் பேசட்டும். பாட்டி முதல் கடைக்குட்டி வரையில் கேள்வி கேட்கட்டும். "உன் எதிர்க் கட்சியை நீயே பேசிக் காட்டு" என்று தகப்பனார் சொல்லட்டும். திரைப் படமும் வேண்டாம். சலவைச் சட்டையும் வேண்டாம். பேச்சு தமிழிலேயே நடக்கட்டும். சொந்த பாஷையில் தெளிவாகத் தெரியாத விஷயம் அந்நிய பாஷையில் ஒருபோதும் தெளிவாக வராது.

ஆங்கிலேயரையும் அமெரிக்கரையும் கண்டு பிரமித்து நிற்பதும், அவர்களை ஒரேயடியாக இகழ்ந்து தள்ளுவதும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள். இரண்டுக்கும் அறிவு வேண்டியதில்லை. அவர்களை அறிந்துகொள்வதற்குத்தான் உழைப்பு வேண்டும். லண்டனிலோ பாஸ்டனிலோ ஒரு மாணாக்கர் இன்று நமது தேசத்தைப் பற்றிப் பேச எழுந்து நின்றால், அவரிடம் எவ்வளவு நியாயத்தை நாம் எதிர்பார்ப்போமோ அவ்வளவு நியாயத்தை நம் பிள்ளைகள் முதலில் செய்யட்டும்.